கென்யாவில் நான்கு இரவு: மாசாய் மாராவா, அம்போசெலியா, சாவோவா?

சித்தப்பா மகன் ஈரோட்டிலிருந்து கூப்பிட்டான். "அண்ணா, கென்யாவுல மிருகம் பார்க்கிற டூராம், ஆறு நாள்ல அஞ்சு எடம் காட்டுறாங்களாம். ரேட்டும் பரவாயில்ல. அட்வான்ஸ் போட்டுடட்டுமா?"

அந்தப் பட்டியலை அனுப்பச் சொன்னேன். நைரோபி, அம்போசெலி, நக்குரு, நைவாஷா, மாசாய் மாரா, திரும்ப நைரோபி. ஒரு காகிதத்தை எடுத்து சாலை நேரத்தை மட்டும் கூட்டினேன். நைரோபியிலிருந்து அம்போசெலிக்கு நான்கு மணி நேரம். அங்கிருந்து நக்குருவுக்கு, நடுவில் நைரோபி நெரிசலையும் சேர்த்தால், எட்டு. நக்குருவிலிருந்து மாராவுக்கு ஆறு. மாராவிலிருந்து நைரோபிக்கு இன்னொரு ஆறு. மொத்தம் 24 மணி நேரம். "இந்த டூர்ல நீ அதிகமாப் பார்க்கப்போற மிருகம் லாரிதான்டா" என்றேன்.

நைரோபியில் மூன்று வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். எங்கே போனால் சிங்கம் பார்க்கலாம், எங்கே போனால் செலவு குறையும், அம்மாவைக் கூட்டிப் போகலாமா. எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்கிற கேள்விகள் ஒன்றுதான். அவற்றை இங்கே எழுதிவிடுகிறேன். கணக்கு நான்கு இரவுக்கு. ஊரிலிருந்து வேலைக்கு லீவு போட்டு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அவ்வளவுதான் கிடைக்கிறது.

எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் மாதம். கென்யாவில் மார்ச் பிற்பாதியிலிருந்து மே வரை பெருமழை. நவம்பரிலும் டிசம்பர் முதல் பாதியிலும் சிறுமழை. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் கோடை விடுமுறை அப்படியே அந்தப் பெருமழைக்குள் போய் விழுகிறது. ஏப்ரலில் அறை வாடகை பாதியாக இறங்குவது அதனால்தான். மாராவில் பல இடங்களில் மண் நம் கரிசல் போலவே இருக்கும்: காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் சக்கரத்தை விடாது. குழந்தைகளின் விடுமுறையில்தான் வர முடியும் என்றால் மழை ஓயத் தொடங்கும் மே கடைசி வாரம், ஜூன் முதல் வாரம் பாருங்கள். பொங்கலை ஒட்டி ஒரு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஜனவரியும் பிப்ரவரியும் கென்யாவில் அருமையான மாதங்கள்.

இரண்டாவது, திசை. வரைபடத்தில் நைரோபி மேல் விரலை வையுங்கள். மாரா, நக்குரு, நைவாஷா எல்லாம் மேற்குப் பக்கம். அம்போசெலியும் சாவோவும் தெற்கும் தென்கிழக்கும். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போக வேண்டுமென்றால் அநேகமாக நைரோபி வழியாகத்தான் போக வேண்டும், ஒரு பகல் முழுக்க அதற்கே சரியாகிவிடும். இது புரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

மூன்றாவது, என்ன பார்க்க ஆசை. "பிக் ஃபைவ்" என்று சொல்லி ஆசை காட்டுவார்கள்: சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம். அது பார்க்க அழகான ஐந்து விலங்குகளின் பட்டியல் அல்ல. நடந்து போய்ச் சுடுவதற்கு ஆபத்தானவை எவை என்று அந்தக் கால வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல். ஒட்டகச்சிவிங்கி அதில் இல்லை. சிவிங்கிப்புலி (சீட்டா) இல்லை. நீர்யானை இல்லை. அதை வைத்துப் பூங்காவைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அப்புறம் பணம். நுழைவுக் கட்டணம் இப்போது அறை வாடகையோடு போட்டி போடுகிறது, அதனால் அதைத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். கடைசியாக, கூட வருகிறவர்கள். ஆறு மணி நேரம் குலுங்கிக்கொண்டு உட்கார முடியாத ஒருவர் கூட இருந்தால் மேலே சொன்ன எல்லாமே மாறிவிடும்.

| | மாசாய் மாரா | அம்போசெலி | சாவோ (கிழக்கு, மேற்கு) |
|---|---|---|---|
| பரப்பு | சுமார் 1,500 ச.கி.மீ. | 392 ச.கி.மீ. | இரண்டும் சேர்ந்து 20,000 ச.கி.மீ.க்கு மேல் |
| நைரோபியிலிருந்து | 5 முதல் 6 மணி நேரம் | சுமார் 4 மணி நேரம் | 4 முதல் 6, எந்த வாசல் என்பதைப் பொறுத்து |
| பெயர் போனது | சிங்கம், சிவிங்கிப்புலி, வில்டபீஸ்ட் (மாட்டைப் போன்ற மான்) மந்தை | யானைக் கூட்டம், கிளிமஞ்சாரோ காட்சி | செம்மண் யானை, நிலக்காட்சி, தனிமை |
| எதிர்பார்க்க வேண்டாம் | கூட்டமில்லாத ஆகஸ்ட் மாதம் | காண்டாமிருகம் | திறந்த புல்வெளி முழுக்க விலங்குகள் |
| கட்டணம் (வெளிநாட்டவர், பெரியவர், ஒரு நாள்) | ஜனவரி–ஜூன் 100 டாலர், ஜூலை–டிசம்பர் 200 டாலர் | மாராவைவிடக் குறைவு | அம்போசெலியைவிடக் குறைவு |
| குறைந்தது | 3 இரவு | 2 இரவு | 2 இரவு |

மாசாய் மாரா

அங்கு வாழும் மாசாய் மக்களின் மொழியில் 'மாரா' என்றால் புள்ளி புள்ளியாக இருப்பது. மேட்டில் நின்று பார்த்தால் பெயர் புரியும்: வெளிறிய புல்வெளி, அதில் ஆங்காங்கே ஒற்றை மரங்கள், மேக நிழல்கள். மறைவு இல்லாத இடம் என்பதால்தான் இங்கே பெரும்பூனை இனங்களைப் பார்ப்பது எளிது. மூன்று நாள் இருந்து சிங்கம் பார்க்காமல் திரும்பியவரை நான் சந்தித்ததில்லை. சிவிங்கிப்புலியும் பெரும்பாலும் கிடைத்துவிடும். சிறுத்தை மட்டும் ஓடைக்கரை மரங்களில் படுத்திருக்கும், அது உங்கள் ஓட்டுநரின் கண்ணையும் உங்கள் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது.

ஆனால் முக்கால்வாசிப் பேர் இங்கே வருவது வில்டபீஸ்ட் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க. பத்து லட்சத்துக்கும் மேலான வில்டபீஸ்ட்டுகள், கூடவே வரிக்குதிரைகள், மழையையும் புல்லையும் தேடி தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வடக்கே ஏறி வருகின்றன. மாராவில் அவை இருப்பது பொதுவாக ஜூலை முதல் அக்டோபர் வரை. எந்த நாளில் எந்த இடத்தில் கடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

நான் ஒரு ஆகஸ்டில் மாரா ஆற்றங்கரையில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் நின்றன. ஒன்று மட்டும் சரிவில் இறங்கித் தண்ணீரை முகர்ந்து பார்க்கும். பின்னால் இருப்பவை நெருக்கும். புழுதி எழும்பும். எங்களைச் சுற்றி நாற்பது வண்டிக்குக் குறையாது, எல்லோரும் கேமராவைத் தூக்குவார்கள். திடீரென்று முன்னால் நின்றது எதையோ பார்த்து மிரண்டு திரும்பும், மொத்தக் கூட்டமும் மேட்டுக்கு ஓடும். இப்படி நான்கு முறை. ஐந்தாவது முறை அவை மேய ஆரம்பித்துவிட்டன. எங்கள் ஓட்டுநர் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டே "போலே போலே" என்றார், மெள்ள மெள்ள என்று அர்த்தம். மூன்று முறை போனதில் ஒரே ஒரு முறைதான் அவை கடந்து பார்த்தேன். அது பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மறக்க முடியாத பத்து நிமிடம்தான், ஆனால் அதற்காக மட்டும் போனால் ஏமாற்றத்துக்குத் தயாராகப் போங்கள்.

இனி பணக் கணக்கு, ஏனென்றால் மாராவில் இதுதான் கடிக்கிற இடம். மாராவை நிர்வகிப்பது நாரோக் மாவட்ட அரசு, மத்திய வனத்துறை அல்ல. 2024-லிருந்து ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு பெரியவருக்கு நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ஒன்பது முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு 50 டாலர். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள், மூன்று நாள் என்றால் ஆகஸ்டில் 1,500 டாலர். அதே குடும்பம் ஜூனில் போனால் 900. அறை, வண்டி, சாப்பாடு எதுவும் இதில் சேராது.

இந்தக் கட்டணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வில்டபீஸ்ட் மந்தை நவம்பரில் தெற்கே இறங்கிவிடும். 200 டாலர் கட்டணமோ டிசம்பர் கடைசி வரை நீடிக்கும். அதனால் அரைப் பரீட்சை லீவில் "மைக்ரேஷன் பார்க்கப் போகிறோம்" என்று கிளம்புகிறவர்கள் முழுக் கட்டணமும் கட்டி, மந்தையையும் பார்க்காமல் வருவார்கள். என் கணக்கில் மாராவுக்கு மோசமான மாதங்கள் நவம்பரும் டிசம்பரும். மிகச் சிக்கனமான மாதங்கள் ஜனவரி, பிப்ரவரி, ஜூன். சிங்கமும் சிவிங்கிப்புலியும் மந்தையோடு ஊர் மாறிப் போவதில்லை.

இன்னொன்று, டிக்கெட் காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் செல்லும். நைரோபியிலிருந்து மதியம் மூன்றுக்கு வந்து சேர்ந்து, அன்றே உள்ளே நுழைந்தால் மூன்று மணி நேரத்துக்கு முழு நாள் கட்டணம். காப்பகத்துக்குள் தங்குகிறவர்கள் கிளம்பும் நாளில் பத்து மணிக்குள் வெளியேற வேண்டும், இல்லையென்றால் இன்னொரு நாள் கணக்கு. வாசலுக்கு வெளியே, செக்கெனானி, தலெக் பக்கம், கூடார விடுதிகள் நிறைய உண்டு. முதல் நாள் வந்து இறங்கி அங்கே ஓய்வெடுத்துவிட்டு மறுநாள் காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் ஒரு நாள் காசு மிச்சம். ஆனால் "வெளியே" என்பது எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு ஏற்பாட்டாளர் "மாசாய் மாராவிலேயே தங்கல்" என்று சொல்லி, வாசலிலிருந்து நாற்பது நிமிடம் தள்ளி ஒரு இடத்தில் போட்டார். விடியற்காலை, சிங்கம் நடமாடுகிற நேரம், தினமும் சாலையில் போனது.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கும் கையில் காசு உள்ளவர்களுக்கும் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. காப்பகத்தின் வடக்கு எல்லையை ஒட்டி மாசாய் குடும்பங்களுக்குச் சொந்தமான நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற தனிக் காப்பகங்கள்: நபோய்ஷோ, ஒலாரே மோட்டோரோகி, மாரா நார்த். ஒரு விலங்கைச் சுற்றி இத்தனை வண்டிகள்தான் நிற்கலாம் என்று கட்டுப்பாடு உண்டு. இரவு சவாரியும் நடைப் பயணமும் கிடைக்கும், அவை பிரதானக் காப்பகத்துக்குள் கிடையாது. விலை கண்ணைக் கட்டும். தேனிலவுக்கு வருகிற ஜோடிக்கு நான் சொல்வது இதைத்தான். நான்கு பேர் குடும்பத்துக்குச் சொல்ல மாட்டேன்.

அம்போசெலி

சின்ன இடம். அதுவே அதன் பலம். மாசாய் மொழிச் சொல்லான 'எம்புசெல்' என்பதிலிருந்து வந்த பெயர், உப்புப் புழுதி என்று பொருள். முதல் அரை மணி நேரத்தில் அந்தப் பொருள் உங்கள் பல்லில் கரகரக்கும். காய்ந்து வெடித்த ஏரிப் படுகை, சுழன்று எழும் புழுதித் தூண்கள். இதன் நடுவே, எதிர்பார்க்காத இடத்தில், பச்சைச் சதுப்பு. கிளிமஞ்சாரோவில் இறங்கும் நீர் எரிமலைப் பாறைக்குள் ஊறி, மண்ணுக்கு அடியில் வந்து, இங்கே ஊற்றாக வெளிப்படுகிறது. வறட்சியிலும் சதுப்பு வற்றாது. யானைகள் இந்த இடத்தை விடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

காலையில் அவை வரிசையாகப் புழுதி நிலத்தைக் கடந்து வரும், சாம்பல் பூசிய மாதிரி. சதுப்பில் வயிறு முங்க நின்று கோரையைப் பிடுங்கித் தின்னும். மாலையில் கரையேறும்போது கீழ்ப் பாதி கறுப்பாக நனைந்தும் மேல் பாதி வெளுத்தும் இருக்கும், யாரோ பாதி மட்டும் வெள்ளையடித்துவிட்டுப் போன சுவர் போல. முதுகில் உண்ணிக்கொக்கு உட்கார்ந்திருக்கும். வண்டி இன்ஜினை அணைத்துவிட்டால் அவை கோரையை வேரோடு பிய்க்கிற சத்தம் கேட்கும். 1972-லிருந்து இந்த யானைக் குடும்பங்களை சிந்தியா மாஸ் தொடங்கிய ஆய்வுக் குழு தொடர்ந்து பதிவு செய்து வருகிறது. அரை நூற்றாண்டாக மனிதர்கள் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிய யானைகள், அதனால் வண்டியைக் கண்டு மிரளுவதில்லை. வேறு எங்கும் இவ்வளவு நெருக்கத்தில் இவ்வளவு நிதானமாக யானை பார்த்ததில்லை நான்.

கிளிமஞ்சாரோ இருப்பது தான்சானியாவில், ஆனால் அதன் 5,895 மீட்டரையும் நன்றாகப் பார்க்க முடிவது இங்கிருந்து. ஒரு நிபந்தனை: மலை உங்களுக்குக் காட்சி தர வேண்டும். விடிந்ததும் தெரியும், ஒன்பது மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும். சில நாள் மாலையில் திரும்ப எட்டிப் பார்க்கும். இரண்டு இரவு வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஒரே இரவு தங்கினால் ஒரே ஒரு விடியல்தான் கிடைக்கும், அன்று மேகம் என்றால் கதை முடிந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இங்கே காண்டாமிருகம் கிடையாது. சிங்கம் உண்டு, ஆனால் மாரா அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். மூன்றாவது நாள் அதே சதுப்பைச் சுற்றி வருவதாகத் தோன்றும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புழுதி சோதனை. கட்டணம் மத்திய வனவிலங்குத் துறையுடையது. நெடுங்காலம் 60 டாலராக இருந்ததை 2025-ல் 90 என்று உயர்த்தி அறிவித்தார்கள், சாவோவுக்கு 52-லிருந்து 80. இணையத்தில் பழைய தொகைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, அதை வைத்து பட்ஜெட் போட்டு வாசலில் முழிக்காதீர்கள். ரொக்கம் வாங்க மாட்டார்கள், இணையத்தில் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

சாவோ

பெரியது, பழையது, அதிகம் பேர் போகாதது. 1948-ல் அறிவிக்கப்பட்ட பூங்கா. நைரோபி–மொம்பாசா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் அதைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிக்கின்றன. இந்த ரயில் பாதைக்கும் நம் நாட்டுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1898-ல் சாவோ ஆற்றின் மேல் பாலம் கட்டியவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட கூலிகள். பிடரி மயிர் இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் மாதக்கணக்கில் இரவில் கூடாரங்களுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப் போயின. வேலையைப் போட்டுவிட்டு நூற்றுக்கணக்கானோர் ரயிலேறி ஓடினார்கள். பாலத்துக்குப் பொறுப்பான பேட்டர்சன் டிசம்பரில் இரண்டையும் சுட்டார். இறந்தவர்கள் 135 பேர் என்று அவர் பின்னாளில் எழுதினார். 2009-ல் அந்தச் சிங்கங்களின் எலும்பையும் மயிரையும் ஆராய்ந்தவர்கள் சுமார் 35 என்று மதிப்பிட்டார்கள். சிங்கங்கள் பாடம் செய்யப்பட்டு சிகாகோ அருங்காட்சியகத்தில் நிற்கின்றன.

இன்றும் சாவோவின் ஆண் சிங்கங்கள் பலவற்றுக்குப் பிடரி குறைவு. ஆனால் அவற்றைப் பார்ப்பது சுலபமல்ல. முள் புதர் அடர்ந்த நிலம், பத்தடி தள்ளிப் படுத்திருந்தாலும் தெரியாது. விலங்கு எண்ணிக்கை உங்கள் அளவுகோல் என்றால் சாவோ தோற்கும். ஆனால் ஒரு முழுக் காலையில் இன்னொரு வண்டியைக்கூடப் பார்க்காமல் போக முடிகிற இடம் இது.

கிழக்கு சாவோவில் செம்மண்ணைப் பூசிக்கொண்ட யானைகள், செங்கல் சூளையிலிருந்து வெளியே வந்த மாதிரி. மேற்கு சாவோ நிலக்காட்சிக்கு. கறுத்து உறைந்த எரிமலைக் குழம்பின் மேல் பாதை போகிறது, 'ஷெத்தானி' என்று பெயர். நம் சைத்தானேதான், அரபி வழியாக அவர்களுக்கும் வந்த சொல். கொஞ்ச தூரத்தில் ம்ஸிமா ஊற்று, கண்ணாடி மாதிரித் தண்ணீர், நீர்யானை, முதலை. துப்பாக்கியோடு ஒரு காவலர் கூட வர, வண்டியை விட்டு இறங்கி நடக்கலாம். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து பார்க்க ஒரு சிறிய அறை கட்டியிருக்கிறார்கள். நீர்யானை தெரியும் என்று எதிர்பார்த்துப் போவார்கள், மீன்தான் தெரியும். பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

சாவோவுக்கு ரயிலில் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2017-ல் தொடங்கிய நைரோபி–மொம்பாசா ரயில்களில், இடை நிலையங்களில் நிற்பது ம்டிட்டோ அண்டேயிலும் வோயிலும் இறக்கிவிடும். ஜன்னல் வழியாகவே யானை பார்த்திருக்கிறேன். ஏறும் முன் நைரோபி நிலையத்தில் எல்லோர் பெட்டியையும் வரிசையாகத் தரையில் வைக்கச் சொல்லி மோப்ப நாயை விடுவார்கள், ஊறுகாய் பாட்டிலை நன்றாகக் கட்டி வையுங்கள்.

சாவோ யாருக்கு என்றால், ஏற்கெனவே மாரா பார்த்தவருக்கு. அல்லது மொம்பாசா, டியானி கடற்கரைக்குப் போகிற வழியில் இரண்டு நாள் காடு வேண்டும் என்பவருக்கு. முதல் தடவை வந்து, இனி வாழ்நாளில் வரப்போவதில்லை என்றால், சாவோவை மட்டும் பார்த்துவிட்டுப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நக்குரு, நைரோபி

நக்குருவின் பழைய புகழ் பூநாரைகள். ஏரி மட்டம் சில வருடங்களாக உயர்ந்து பழைய வாசலையே மூழ்கடித்துவிட்டது, பூநாரைகளில் பெரும்பங்கு வேறு ஏரிகளுக்குப் போய்விட்டது. சுவரொட்டியில் இருக்கும் இளஞ்சிவப்பு ஏரியை எதிர்பார்க்க வேண்டாம். கறுப்பு, வெள்ளை இரண்டு வகைக் காண்டாமிருகமும் வேலி போட்ட இந்தச் சிறிய இடத்தில் உண்டு, அதற்காக ஒரு இரவு நியாயம். மாராவுக்குப் போகும் வழியில் வைத்துக்கொள்ளலாம், அம்போசெலியோடு சேர்க்கக் கூடாது.

நைரோபி தேசியப் பூங்கா நகர மையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்தான். 1946-ல் தொடங்கிய, கென்யாவின் முதல் பூங்கா. ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் அடுக்குமாடிகள் தெரியும். யானை கிடையாது, காண்டாமிருகம் நன்றாகக் கிடைக்கும். விமானம் இரவில் என்றால் அந்தக் காலையை இங்கே செலவழியுங்கள். இதற்காக நக்குருவை வெட்டினாலும் தப்பில்லை.

வேனா, லேண்ட் குரூசரா, விமானமா

கூரை மேலே எழும்பும் வேன்தான் மலிவு. மழை இல்லாத மாதத்தில் அம்போசெலிக்கும் சாவோவுக்கும் அது போதும். மாராவில் மழை பெய்திருந்தால் லேண்ட் குரூசர் வேண்டும், விலை வித்தியாசத்தை ஒரு தடவை சேற்றில் மாட்டினால் மறந்துவிடுவீர்கள். எதை எடுத்தாலும் ஆளுக்கொரு ஜன்னல் உறுதியா என்று கேளுங்கள். கூட்டுப் பயணத்தில் ஏழு பேரில் ஒருவராகப் போனால் பணம் நிறைய மிச்சம், ஆனால் யானையை இன்னும் பத்து நிமிடம் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு மற்ற ஆறு பேர் சம்மதிக்க வேண்டும்.

நாரோக் தாண்டி மாரா வாசல் வரைக்கும் தார் ரோடு வந்துவிட்டது. அதற்கப்புறம் வருகிற குலுக்கலை ஓட்டுநர்கள் "ஆப்பிரிக்கன் மசாஜ்" என்பார்கள். முதுகு வலி உள்ளவருக்கு அது சிரிப்பல்ல. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் முக்கால் மணி நேரத்தில் மாராவில் இறங்கலாம். பெட்டி 15 கிலோவுக்குள், அதுவும் மடங்குகிற துணிப் பையாக இருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவரும் கனமான சூட்கேஸை நைரோபியில் எங்காவது விட்டுவிட்டுத்தான் ஏற முடியும்.

விலைப்பட்டியலில் வராதவை

முதலாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து இந்தியா திரும்புகிறவரிடம் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் தனிமைப்படுத்தல். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள், அந்த வயதில் இந்த ஊசியைச் சும்மா போட்டுவிட மாட்டார்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மூன்று பூங்காவிலும் கொசு உண்டு.

2024-லிருந்து விசாவுக்குப் பதில் இணையத்தில் முன் அனுமதி, 30 டாலரும் சேவைக் கட்டணமும். ஓட்டுநருக்கு டிப்ஸ், நாளுக்கு வண்டிக்குப் பத்து டாலராவது, அவர்கள் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். மாசாய் கிராமத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்பது இலவசம் இல்லை, தொகையை வண்டியிலேயே பேசிவிடுங்கள். மாராவில் பலூன் சவாரி ஆளுக்கு 400 டாலருக்கு மேல். பிளாஸ்டிக் பை நாடு முழுக்கத் தடை, 2020-லிருந்து பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலும் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சப்பாத்தியும் சமோசாவும் கென்யர்களின் அன்றாட உணவு, பெரிய விடுதிகளில் சைவம் தாராளமாகக் கிடைக்கும். ஸ்வெட்டர் எடுக்காமல் வராதீர்கள். மாரா 1,500 மீட்டருக்கு மேல், காலை ஆறு மணிக்குத் திறந்த கூரையில் பல் தந்தியடிக்கும்.

நான் போட்டுக் கொடுத்த கணக்கு

சிங்கம்தான் முக்கியம், முதல் தடவை, ஜூனிலோ ஜனவரியிலோ வருகிறார்கள் என்றால்: மாரா மூன்று இரவு, வழியில் நைவாஷா ஏரிக்கரையில் ஒன்று. ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு: நான்கு இரவும் மாரா, வேறு எங்கேயும் அலையாதீர்கள், ஆற்றங்கரைக்கு அந்தப் பொறுமை வேண்டும். கையில் காசு குறைவு, நிலமும் யானையும் போதும் என்றால்: அம்போசெலி இரண்டு, மேற்கு சாவோ இரண்டு. இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகாது, திரும்பி வருகிற பாதையும் வேறு.

சித்தப்பா மகனுக்குப் பொங்கல் லீவு. மனைவி, பதினோரு வயது மகள், முழங்கால் வலியோடு சித்தி. சித்திக்காக மாராவை அடித்தேன். அவனுக்கு அதில் வருத்தம்தான், "மாரா போகாம கென்யா போனேன்னு சொன்னா சிரிப்பாங்கண்ணா" என்றான். அம்போசெலி, மேற்கு சாவோ, கடைசி நாள் நைரோபி பூங்கா என்று முடிவானது. அவர்கள் பார்த்தது சிங்கம் ஒன்றே ஒன்று, அதுவும் தூரத்தில், காண்டாமிருகம் மூன்று, கிளிமஞ்சாரோ ஒரு காலை முழுக்க.

இரண்டாம் நாள் மத்தியானம் சித்தியே போன் போட்டார். பின்னால் காற்றுச் சத்தம்.

"ஏங் கண்ணு, இங்க பொட்டை யானைக்கெல்லாங்கூட தந்தம் இருக்குதே, நீ ஏன் சொல்லவே இல்ல?"